பளைக்கு வரலாறு இல்லையாம்!

போன மாதம் இங்கே பலெர்மோவில் எங்கட ஆட்கள் சிலர் ஒரு மலர் போடுவதற்காகக் கூடினார்கள். வடபகுதி ரயில் பாதை பற்றிய மலர். யாழ்தேவி, தபால் கோச்சி, காங்கேசன்துறை ஸ்ரேசன், பழைய படங்கள் என்று நல்ல முயற்சிதான். என்னையும் எழுதித் தரச் சொன்னார்கள். நானும் வேலை முடிந்துவந்து நாலு இரவு குந்தியிருந்து பளை ஸ்ரேசனைப் பற்றி ஆறு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன்.

மலருக்குப் பொறுப்பானவர் படித்த மனிதர், ஊரில் மாஸ்ரராக இருந்தவர். கண்ணாடியைப் போட்டு இரண்டு பக்கம் வாசித்தார். பிறகு சொன்னார்.

"தம்பி, குறை நினையாதையும். நீர் எழுதினது நல்லாத்தான் கிடக்கு. ஆனால் பளைக்கு என்ன வரலாறு இருக்கு? அது சும்மா இடையில கிடக்கிற ஒரு ஸ்ரேசன். கோச்சி போற வழியில தென்னை தெரிஞ்சால் பளை வந்திட்டுது எண்டு சொல்லுவம், அவ்வளவுதான்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் என் பிழை. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறு பக்கத்துக்கும் இடமில்லை என்றால் பரவாயில்லை, இது என் பக்கம், இங்கே இடம் இருக்கிறது.

முதலில் நான் எங்கே இருந்து இதை எழுதுகிறேன் என்று சொல்லவேண்டும். பலெர்மோவின் பெரிய ஸ்ரேசனுக்குப் பின்னால் தொடங்கி, தெற்கே ஒரேத்தோ ஆற்றைப் பார்த்துப் போகிற தெரு வியா ஒரேத்தோ. அந்தப் பகுதிக்கே பெயர் ஒரேத்தோ-ஸ்தாசியோனே, அதாவது ஒரேத்தோ-ஸ்ரேசன். இந்த ஸ்ரேசன் திறந்தது 1886 இல். சிசிலியின் முதல் ரயில் பாதை அதற்கும் முன்னம், 1863 இல், பலெர்மோவிலிருந்து பகேரியா மட்டும் போடப்பட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்குகிறவர்கள், வாடகை குறைந்த அறை தேடுகிறவர்கள், விடிய வேலைக்குப் போகிறவர்கள் என்று ஸ்ரேசனை ஒட்டிய பகுதிக்கே உரிய சனம்தான் இங்கேயும். நகரத்தின் வசதியான பக்கத்தில் இருக்கிற பலெர்மோக்காரர்களிடம் 'ஒரேத்தோவில் இருக்கிறேன்' என்று சொன்னால் முகம் கொஞ்சம் மாறும். அவர்களுக்கு அது ரயில் ஏறப் போகிற பக்கம், அவ்வளவுதான்.

அதே பலெர்மோக்காரரை மிலானில் கேளுங்கள். தெற்குக்காரன், 'தெரோனே', மண்ணைக் கிண்டுகிறவன் என்பார்கள். ரோமுக்குக் கீழே இத்தாலியே இல்லை என்று பகிடி விடுவார்கள். அதைக் கேட்டு இவர்கள் கொதிப்பார்கள். எங்கட ஆட்களும் இவர்களோடு சேர்ந்து, 'பார், வடக்கனுக்குத் திமிர்' என்று கொதிப்பார்கள். பிறகு மண்டபத்துக்கு வந்து 'பளைக்கு என்ன வரலாறு இருக்கு' என்று கேட்பார்கள்.

சரி, வரலாறு கேட்டீர்கள். சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு ரயில் கொழும்பிலிருந்து ஊர்ந்து ஊர்ந்து வந்ததாகத்தான் கனபேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. வடக்குப் பாதை இரண்டு முனையிலிருந்தும் போடப்பட்டது. 1902 இல் முதலில் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி மட்டும் ரயில் ஓடியது. அதே வருசம் அது பளைக்கு நீண்டது. அங்கே நின்றது. அப்போது தெற்கிலிருந்து வந்த பாதை அனுராதபுரத்தைக்கூடத் தொடவில்லை. நடுவில் வன்னிக் காடு. 1905 ஆவணி 1 ஆம் திகதிதான் இரண்டும் பொருந்திக் கொழும்பிலிருந்து முதல் ரயில் யாழ்ப்பாணம் வந்தது.

ஆகவே மூன்று வருசம் வடக்கு ரயிலுக்குக் கடைசி ஸ்ரேசன் பளை. இலங்கையின் மற்றப் பாதைகளோடு தொடர்பே இல்லாமல் தனியாக ஓடிய ஒரு ரயில் அது. எஞ்சினும் பெட்டியும் தண்டவாளமும் கடல்வழியாகத்தான் வந்து சேர்ந்திருக்கவேண்டும், வேறு வழி ஏது? அந்த மூன்று வருசமும் 'ரயிலில் போகிறேன்' என்று யாழ்ப்பாணத்தில் ஒருவர் சொன்னால், அதிகபட்சம் அவர் போகக்கூடிய தூரம் பளை. யாழ்தேவி வந்தது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1956 சித்திரையில். அந்த ஆனி மாதமே தனிச்சிங்களச் சட்டமும் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ரயிலுக்குத் தமிழ்ப் பெயர், ஆட்சிக்குச் சிங்களம். மலரில் யாழ்தேவிக்கு ஒன்பது பக்கம் இருக்கிறது. இந்த இரண்டு மாதக் கணக்கு ஒரு வரியில்கூட இல்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏன் பளையில் வந்து நின்றது? அதற்குப் புவியியல் தெரியவேண்டும். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு நைல் நதி படிப்பித்தார்கள், நாங்கள் நிற்கிற நிலத்தைப் படிப்பிக்கவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டை ஒரு தலை என்று வையுங்கள். அதன் கழுத்துத்தான் பச்சிலைப்பள்ளி. ஒருபக்கம் யாழ்ப்பாணக் கடனீரேரி, கிளாலி. மற்றப்பக்கம் செம்பியன்பற்று, தாளையடி, அதற்கப்பால் பெருங்கடல். நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். அந்த மணலில் தென்னை நன்றாக வரும். அதனால்தான் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பெரிய பெரிய தென்னந்தோட்டங்கள். தெற்கே இயக்கச்சி தாண்டினால் ஆனையிறவு, அங்கே உப்பளம். ஒல்லாந்தர் காலத்திலேயே இந்தக் கழுத்தில் சின்னச் சின்னக் கோட்டைகள் வைத்துக் காவல் இருந்தார்கள். இயக்கச்சியில் அதின் இடிபாடு இன்னும் கிடக்கிறது. யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியாகப் போகிற எதுவும், வண்டிலோ, கோச்சியோ, படையோ, அகதியோ, 2011 மட்டும் இந்தக் கழுத்தால்தான் போகவேண்டியிருந்தது. காற்றுக்கும் இதுதான் வழி. புலோப்பளைப் பக்கம் நிற்கிற காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கழுத்துக்கு வரலாறு இல்லை, தலைக்குத்தான் வரலாறு என்று ஒருவர் சொன்னால் அவரை என்ன செய்வது?

நான் அந்த ஸ்ரேசனைப் பார்த்து வளர்ந்தவன். எங்கட வீட்டில் மணிக்கூடு பழுதாகிக் கிடந்தாலும் ஒருவரும் கவலைப்படமாட்டார்கள். இரவுத் தபால் கோச்சி போனால் அம்மா விளக்கைத் தணிப்பா. கைகாட்டி விழுந்தால் அப்பு சைக்கிளை எடுப்பார். மாட்டு வண்டிலில் தேங்காயும் கொப்பரையும் கிடுகும் வந்து இறங்கும். கடவைக் கேற்றில் காத்துநிற்கிற சனத்துக்குள் ஊரின் பாதிக் கதை நடந்து முடிந்துவிடும். யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் லீவு முடிந்து கொழும்புக்குத் திரும்பும்போது ஜன்னலால் எங்களைப் பார்ப்பார்கள். நாங்களும் அவர்களைப் பார்ப்போம். இப்போதுதான் விளங்குகிறது, அவர்கள் எங்களைப் பார்க்கவில்லை, தென்னையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பாதை மெல்ல மெல்லச் செத்ததும் எங்கள் கண்ணுக்கு முன்னால்தான். 1977 ஆவணிக் கலவரத்தில் அனுராதபுரம் ஸ்ரேசனில் தமிழ்ப் பயணிகள் அடிவாங்கினார்கள். அதற்குப் பிறகு கொழும்பு கோச்சி ஏறுகிறவர்களை வழியனுப்ப வந்த பெண்கள் அழுவது வழக்கமாகிவிட்டது. 1985 தையில் முறிகண்டிக்குக் கிட்ட எங்கட பெடியள் வைத்த குண்டில் யாழ்தேவி சிதறியது. படையினரும் செத்தார்கள், சாதாரண சனமும் செத்தது. இதையும் மறைக்கக்கூடாது. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்க ரயில் அடியோடு நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. இரண்டு தரப்பும்தான் கழற்றியது. கோச்சி ஓடிய இடத்தில் வெறும் கல்லும் பற்றையும்.

இனித்தான் முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். மாஸ்ரரும் மற்றவர்களும் கவனமாக வாசிக்கவேண்டும்.

ரயில் நின்ற பிறகு நீங்கள் எல்லோரும் எப்படி யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வந்தீர்கள்? ஆனையிறவு இராணுவத்தின் கையில். 1992 இலிருந்து 95 மட்டும் வெளியேறிய ஆட்களைக் கேட்கிறேன். கிளாலியால் வந்தீர்கள். இரவில், விளக்கில்லாமல், வள்ளத்தில், கடனீரேரியைக் கடந்து பூநகரிப் பக்கம் இறங்கினீர்கள். கடற்படை சுட்டது. 1993 தை 2 ஆம் திகதி அந்தத் தண்ணியில் எத்தனை பேர் செத்தார்கள். அந்தக் கிளாலி எங்கே இருக்கிறது? பச்சிலைப்பள்ளியில். பளையின் பக்கத்தில். ரயில் செய்த வேலையை அந்த மூன்று நாலு வருசம் செய்தது எங்கட கடற்கரை. எங்கட ஆட்களின் வளவில் நின்று தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, பிள்ளையைத் தென்னை மரத்தடியில் கிடத்திவிட்டு, வள்ளத்துக்குக் காத்திருந்தீர்கள். என் அம்மா பெரிய பானையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே இருந்தா. ஒருவரிடமும் ஊர் பேர் கேட்கவில்லை.

பிறகு 1995 ஐப்பசி கடைசி. வலிகாமம் ஒரே இரவில் எழும்பி நடந்தது. லட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கும் பளைக்கும் வந்தது. மழை வேறு. பள்ளிக்கூடம், கோயில், தோட்டத்துக் கொட்டில், ஸ்ரேசன் கட்டடத்தின் மிச்சம், ஒன்றும் காலியில்லை. நான் அதற்கு முதல் வருசமே வெளிக்கிட்டுவிட்டேன். அம்மா கடிதத்தில் எழுதியிருந்தா: 'வீட்டில் இப்ப நாற்பத்தொரு பேர் இருக்கிறம்.' அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. மாஸ்ரர், வரலாற்றுக்கு ஆதாரம் வேண்டுமென்றால் கொண்டுவந்து காட்டுகிறேன்.

2000 சித்திரையில் ஆனையிறவு விழுந்தது. அதோடு பளை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போனது. முகமாலையில் முன்னரங்கு. 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது வெளிநாட்டிலிருந்து போன நீங்கள் எல்லோரும் முகமாலைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றிருப்பீர்கள். 2006 ஆவணியில் அது மூடப்பட்டு, திரும்பச் சண்டை. 2009 தையில் இராணுவம் பளையைப் பிடித்தது. மிச்சம் இருந்தது உலகத்திலேயே மிதிவெடி அடர்த்தியாக விதைத்த நிலங்களில் ஒன்று. போர் முடிந்து பத்து வருசத்துக்கு மேலாகியும் முகமாலையில் பெண்கள் முழங்காலில் நின்று அங்குலம் அங்குலமாகக் கண்ணி கிண்டினார்கள். தேங்காய் பொறுக்கப் போன மண்ணில் இப்போது சிவப்பு மண்டையோட்டுப் பலகை.

இந்தியக் கடனில், இந்தியாவின் இர்கான் நிறுவனம் பாதையைத் திரும்பப் போட்டது. 2014 மாசி முடிந்து பங்குனி 4 ஆம் திகதி ரயில் பளைக்கு வந்தது. வந்து நின்றது. 1902 இல் போலவே. அந்த ஏழு மாதம் யாழ்ப்பாணத்துச் சனம் பஸ் பிடித்துப் பளைக்கு வந்து கோச்சி ஏறியது. ஐப்பசி 13 ஆம் திகதி அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச பளையில் ரயில் ஏறி யாழ்ப்பாணத்தில் போய் இறங்கினார். எல்லாப் பத்திரிகையிலும் யாழ்ப்பாண ஸ்ரேசனின் படம். அவர் ஏறிய ஸ்ரேசனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வெளிநாட்டில் இருந்து நாங்களும் அந்தப் புது ஸ்ரேசன் படத்தைத்தான் ஒருவருக்கொருவர் அனுப்பி அழுதோம்.

ஒரே ஊர், நூற்றுப் பன்னிரண்டு வருச இடைவெளியில் இரண்டு தரம் பாதையின் முடிவாக இருந்திருக்கிறது. இதற்குப் பிறகும் 'இடையில் கிடக்கிற ஸ்ரேசன்' என்றால் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு நியாயமான கேள்வியை ஒருவர் கேட்டார். "ஒவ்வொரு ஸ்ரேசனுக்கும் எழுதிக்கொண்டு போனால் எங்க அண்ணை முடியும்? எங்களுக்கு இருக்கிற பிரச்சினைக்குள்ள ஊர்ப் பெருமை தேவையோ?"

இது ஊர்ப் பெருமை இல்லை, தம்பி. ஒருமுறை ஏ9 ஆல் போய்ப் பாரும். ஆனையிறவில் இராணுவத்தின் நினைவுத் தூபி நிற்கிறது. 1991 சண்டையின் இரும்பு புல்டோசரை வைத்து, பெயர் எழுதி, பூ வைத்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து பஸ்ஸில் வருகிற பள்ளிப் பிள்ளைகள் இறங்கி வாசிக்கிறார்கள். அந்தக் கழுத்தின் வரலாற்றை அவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். 2025 இல் ஆனையிறவு உப்புக்கு 'ரஜ லுணு' என்று சிங்களப் பெயர் வைத்தபோது முகநூலில் நாங்கள் எல்லோரும் கொதித்தோம். சரியான கொதிப்புத்தான். ஆனால் அந்தக் கழுத்தில் எங்கட கையால் எழுதி வைத்தது என்ன இருக்கிறது? வனவளத் திணைக்களமும் தொல்லியல் திணைக்களமும் எங்கட நிலத்தில் கல்லு நடும்போது சொல்கிற முதல் வசனம் என்ன? 'இங்கே ஒன்றும் இருக்கவில்லை.' மாஸ்ரர் மண்டபத்தில் சொன்னதும் அதே வசனம்தான். அவர்கள் சிங்களத்தில் சொல்வதை நாங்கள் தமிழில் சொல்லிக் கொடுக்கிறோம்.

வவுனியாவுக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் எத்தனை ஸ்ரேசன்? ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, பளை, எழுதுமட்டுவாள், மிருசுவில், கொடிகாமம்... ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் போட்டாலும் மலர் தடித்துவிடாது. யாழ்தேவியின் ஒன்பது பக்கத்தில் நாலைக் குறைத்தால் போதும்.

இவ்வளவும் சொன்ன நான் யோக்கியனா என்றால், இல்லை. அந்த ஆறு பக்கத்தைத் திருப்பி வாசித்தபோதுதான் கண்டேன். எங்கட வளவுக்குப் பின்னால் தென்னந்தோட்டத்தில் லயம் மாதிரி ஒரு கொட்டில் இருந்தது. 77 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த ஒரு குடும்பம் அங்கே இருந்தது. தேங்காய் உரித்ததும், வண்டிலில் ஏற்றியதும், ஸ்ரேசனில் இறக்கியதும் அவர்கள்தான். கோச்சியில் போன கொப்பரை அவர்கள் கை பட்டது. அந்த வீட்டுப் பெடியன் என்னோடு பள்ளிக்கூடம் வந்தான். எங்கட வீட்டில் அவனுக்குத் தேத்தண்ணி சிரட்டையில்தான். அம்மா, நாற்பத்தொரு பேரை வைத்துச் சமைத்த அதே அம்மா. நான் எழுதிய ஆறு பக்கத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. யாழ்ப்பாணத்தார் ஜன்னலால் தென்னையைப் பார்த்தது போல நான் வேலிக்கு மேலால் தேங்காயைப் பார்த்திருக்கிறேன். இப்போது ஏழாவது பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவனுடைய குடும்பம் 2009 க்குப் பிறகு எங்கே என்று விசாரித்துக்கொண்டும் இருக்கிறேன்.

எங்கட தெருவிலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் ஒரு பழைய கல்லுப் பாலம் இருக்கிறது. அமிரால் பாலம் என்று சொல்லலாம். 12 ஆம் நூற்றாண்டில் நோர்மன் அரசன் காலத்தில் ஒரேத்தோ ஆற்றுக்கு மேலே கட்டினது. பிறகு ஆற்றை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். இப்போது பாலத்துக்குக் கீழே தண்ணியே இல்லை, புல்லுத்தான். ஆனாலும் இடிக்கவில்லை. 1860 இல் கரிபால்டியின் ஆட்கள் இந்தப் பாலத்தில் சண்டை பிடித்துத்தான் பலெர்மோவுக்குள் வந்தார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2015 இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்தாயிற்று. ஆறு இல்லாத பாலத்துக்கு இவ்வளவு மரியாதை. எங்களுக்கு இருபத்துநாலு வருசம் ரயில் இல்லாமல் கிடந்த ஒரு ஸ்ரேசனைப் பற்றி ஒரு பக்கம் எழுத மனமில்லை.

போன ஞாயிறு மாஸ்ரரைத் திரும்பக் கண்டேன். சண்டைக்குப் போகவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்.

"மாஸ்ரர், நீங்கள் எப்ப யாழ்ப்பாணத்தால வெளிக்கிட்டனீங்கள்?"

"தொண்ணூற்று மூண்டு, புரட்டாதி."

"எதால?"

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "கிளாலியாலதான். பின்னேரமே கொண்டுபோய் இறக்கிப்போட்டாங்கள். விடியப்புறம்தான் வள்ளம் வந்தது. ஒரு வீட்டில இருந்தனாங்கள். நல்ல சனம், பிள்ளைக்குப் பால் தந்தவை. ஆனால் எந்த இடம் எண்டு தெரியாது தம்பி, ஒரே இருட்டு."

"பளைப் பக்கம் மாஸ்ரர்," என்றேன்.

மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்வி. மாஸ்ரர் எழுதுவாரென்றால் என் ஏழு பக்கத்தையும் விட்டுக்கொடுக்கிறேன். அந்த ஒரு இரவைப் பற்றி அவர் அரைப் பக்கம் எழுதட்டும், போதும். இதை வாசிக்கிற நீங்களும் எழுதுங்கோ. எந்த ஸ்ரேசனில் இறங்கினீர்கள், எந்த வளவில் தண்ணி குடித்தீர்கள், அந்த வீட்டுக்காரருக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் ஆர் இருந்தது. ஊர்ப் பெயர் தெரியாவிட்டால் கேளுங்கோ. தெரிந்த ஆட்கள் இன்னும் கொஞ்சப் பேர் உயிரோடு இருக்கிறார்கள்.